மவுத் ஆர்கன் யார் கையில்? வில்லி மே தார்ன்டனைக் கேட்பது

வில்லி மே தார்ன்டனைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் எல்விஸ் பிரெஸ்லியில் தொடங்கி ஜானிஸ் ஜாப்ளினில் முடிகிறது. 1952இல் தார்ன்டன் பாடிப் பதிவு செய்த 'ஹவுண்ட் டாக்' பாட்டை 1956இல் பிரெஸ்லி பாடி அமெரிக்காவையே ஆட்டிவைத்தார். தார்ன்டன் எழுதிய 'பால் அண்ட் செயின்' பாட்டை 1967இல் மான்டரே விழா மேடையில் பாடி ஜாப்ளின் நட்சத்திரமானார். ஒரு கறுப்பினப் பெண்ணின் உழைப்பை வெள்ளையர்கள் அறுவடை செய்த கதை இது. நடந்ததும் இதுதான். பெண்ணியம் பேசும் நாமும் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறோம்.

சொல்லச் சொல்ல எனக்கு ஒரு சங்கடம் கூடிக்கொண்டே வருகிறது. இந்தக் கதையில் தார்ன்டனுக்கு என்ன நேர்ந்தது என்பது இருக்கிறது. தார்ன்டன் என்ன செய்தார் என்பது இல்லை. அவர் மவுத் ஆர்கன் வாசித்தார், டிரம்ஸ் வாசித்தார், பாட்டு எழுதினார், தன்னைச் சுற்றியிருந்த வாத்தியக்காரர்களைக் குரலால் நடத்திச் சென்றார். இவையெல்லாம் ஒரு வரியில், பெரும்பாலும் கடைசி வரியில், வந்து போகின்றன. அவர் தேர்ந்த இசைக்கலைஞர்களோடு பாடிய இரண்டு ஒலிப்பதிவுகளை, 1965இல் லண்டனிலும் 1966இல் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் செய்தவற்றை, மறுபடி கேட்டால் அந்தக் கடைசி வரி முதல் வரியாக வேண்டியது என்று தெரியும்.

முதலில் பெயர். இசையுலகம் அவரை 'பிக் மாமா' என்று அழைத்தது. தமிழ்க் காதுக்கு அது தாய்மாமனாக ஒலிக்கும். அங்கே அது அம்மா. நியூயார்க்கின் ஹார்லெமில் இருந்த அப்போலோ அரங்கை நடத்திய ஃபிராங்க் ஷிஃப்மன் 1952இல் வைத்த பெயர் அது. உருவமும் குரலும் பெரியவை என்பதால் வைத்தார் என்பார்கள். அப்போது தார்ன்டனுக்கு வயது 25. வெள்ளை எஜமானர் வீட்டில் பிள்ளை வளர்க்கும் கறுப்பினத் தாய் என்ற பழைய சித்திரம் படிந்த ஒரு சொல்லை, ஆண்களின் சட்டையும் கால்சராயும் அணிந்து மேடையேறத் தயங்காத ஓர் இளம் பெண்ணின் மேல் ஒட்டினார்கள். அவர் அந்தப் பெயரை வாங்கிக்கொண்டு அதிலேயே பிழைப்பு நடத்தினார். ஆனால் 'பெரிய' என்ற அந்தச் சொல் விமர்சகர்களின் கையில் வேறு வேலை செய்தது. அவர் பாட்டைக் கர்ஜனை என்றார்கள், இடிமுழக்கம் என்றார்கள், இயற்கைச் சக்தி என்றார்கள். நாம் நம் பாடகிகளைக் குயில் என்கிறோம். குயிலும் இடியும் எதிரெதிர்த் துருவங்களாகத் தோன்றினாலும் இரண்டும் இயற்கையிலிருந்து வந்தவை. பயிற்சி, கணக்கு, தீர்மானம் எதுவும் அவற்றுக்குத் தேவையில்லை. பெண்ணின் குரல் தானாக வருவது, ஆணின் வாத்தியம் கற்று வருவது என்ற பிரிவினை இப்படித்தான் நம் பாராட்டுரைகளுக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது.

தார்ன்டன் கற்றார். அலபாமா மாநிலத்தில் 1926இல் பிறந்தவர். தந்தை பாப்டிஸ்ட் போதகர், தாய் தேவாலயத்தில் பாடியவர். தாய் இறந்தபின் சிறுவயதிலேயே வேலைக்குப் போனார். 1941இல், பதினைந்து வயதுகூட நிறையாத நிலையில், சாமி கிரீனின் 'ஹாட் ஹார்லெம் ரெவ்யூ' என்ற ஊர்சுற்றும் நிகழ்ச்சிக் குழுவில் சேர்ந்து தென்மாநிலங்கள் முழுக்கப் பயணம் செய்தார். பாட்டையும் மவுத் ஆர்கனையும் டிரம்ஸையும் யாரும் தனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, மற்றவர்களைப் பார்த்தே கற்றுக்கொண்டதாகப் பின்னாளில் அவர் சொன்னார். பார்த்துக் கற்பது சின்ன விஷயமல்ல. பார்க்க வேண்டுமென்றால் அந்த இடத்தில் இருக்க வேண்டும். மவுத் ஆர்கன் சட்டைப்பையில் அடங்கும் மலிவான வாத்தியம். ரயிலேறி வேலை தேடிப் போகிறவர்கள், தெருமுனையில் நின்று காசு சேர்ப்பவர்கள் கையில் வளர்ந்தது. ரயிலின் ஓசையை அதில் வாசித்துக் காட்டுவது ஒரு தனிக் கலையாகவே இருந்தது. சுற்றித் திரியும் சுதந்திரம் உள்ளவர்களின் வாத்தியம் அது. ப்ளூஸில் பியானோ வாசித்த பெண்கள் பலர் உண்டு. கிட்டார் வாசித்த மெம்பிஸ் மின்னி உண்டு. மவுத் ஆர்கனோடு பதிவான பெண்கள் மிகச் சிலர். ஏன் என்பதற்கான விடை பெண்ணின் உதட்டிலோ நுரையீரலிலோ இல்லை, சாலையில் இருக்கிறது. தார்ன்டன் சிறுவயதிலேயே சாலைக்குப் போனவர்.

'தேர்ந்த இசைக்கலைஞர்களின் துணையோடு பாடியிருக்கிறார்' என்பது இசைத்தட்டு மதிப்புரைகளில் அடிக்கடி வரும் வாக்கியம். பாடுவது பெண்ணாக இருந்தால் இன்னும் அடிக்கடி வரும். தேர்ச்சி பக்கவாத்தியக்காரர்களிடம் இருக்கிறது, பாடகி அதன் மேல் சாய்ந்துகொள்கிறார் என்பது அதன் உட்பொருள். லண்டன் ஒலிப்பதிவில் யார் யார் என்று பார்ப்போம். 1965 இலையுதிர் காலத்தில் 'அமெரிக்க நாட்டுப்புற ப்ளூஸ் விழா' என்ற பெயரில் ஐரோப்பா முழுக்கச் சுற்றிய குழுவில் தார்ன்டன் போனார். அந்தப் பயணத்தின் நடுவே, அக்டோபரில், ஆர்ஹூலி நிறுவனத்தை நடத்திய கிறிஸ் ஸ்ட்ராக்விட்ஸ் லண்டனில் அவரைப் பதிவு செய்தார். கிட்டாரில் பட்டி கய், பியானோவில் எடி பாய்ட், டிரம்ஸில் ஃபிரெட் பிலோ, மவுத் ஆர்கனில் வால்டர் ஹார்ட்டன். எல்லோரும் சிகாகோ ப்ளூஸில் பெயர் பெற்றவர்கள்தான். ஆனால் தார்ன்டன் அப்போது மேடையில் 24 ஆண்டுகளைக் கழித்திருந்தார். அவர் ஊர்சுற்றும் குழுவில் சேர்ந்த ஆண்டில் பட்டி கய் ஐந்து வயதுக் குழந்தை. தேர்ந்த கலைஞரின் துணை யாருக்குக் கிடைத்தது என்று திருப்பிக் கேட்கலாம்.

அந்தப் பயணக் குழுவில் இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. அந்த விழா பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு பெண்ணையே அழைத்துச் சென்றது. 1962இல் ஹெலன் ஹியூம்ஸ், 1963இல் விக்டோரியா ஸ்பைவி, 1964இல் ஷுகர் பை டிசான்டோ, 1965இல் தார்ன்டன், 1966இல் சிப்பி வாலஸ், 1967இல் கோகோ டெய்லர். ஆண்களுக்குப் பல நாற்காலிகள், பெண்ணுக்கு ஒன்று. ஒரே நாற்காலி இருக்கும்போது அதில் அமர்பவர் பெண்குலத்தின் பிரதிநிதியாகிவிடுகிறார். அவரை மற்றப் பெண்களோடு ஒப்பிடுவார்கள், பக்கத்தில் நிற்கும் வாத்தியக்காரரோடு ஒப்பிட மாட்டார்கள். அந்தப் பயணத்தின்போது தொலைக்காட்சிக்காக எடுத்த படம் ஒன்று இந்த வழக்கத்தை உடைக்கிறது. ஜான் லீ ஹூக்கர், வால்டர் ஹார்ட்டன், டாக்டர் ராஸ் ஆகியோர் கையில் மவுத் ஆர்கனோடு இருக்கிறார்கள். தார்ன்டன் கையிலும் இருக்கிறது. மாறி மாறி வாசிக்கிறார்கள். ஹார்ட்டன் அந்த வாத்தியத்தின் மேதைகளில் ஒருவர். அவர் முன்னால் தார்ன்டன் ஒடுங்கவும் இல்லை, போட்டிக்கு இறங்கவும் இல்லை. தன் முறை வரும்போது வாசிக்கிறார். அவர் வாசிப்பு ஹார்ட்டனுடையதைப் போல நுணுக்கமானதல்ல. குட்டையான, அழுத்தமான தொடர்கள். அவர் பாடும் முறையும் அதுவே.

இங்கே அந்த வாத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ப்ளூஸில் வாசிக்கும் சாதாரண மவுத் ஆர்கனில் பத்துத் துளைகள். ஊதினால் ஒரு சுரம், உறிஞ்சினால் வேறொரு சுரம். நடன இசைக்காகவும் எளிய மெட்டுகளுக்காகவும் செய்யப்பட்டபோது ஊதும் சுரங்களே அதற்கு ஆதாரமாக இருந்தன. தென்மாநிலக் கறுப்பினக் கலைஞர்கள் அதைத் தலைகீழாக்கினார்கள். சி சுருதிக்குச் செய்த வாத்தியத்தை ஜி சுருதியில் வாசித்தார்கள். அப்போது முக்கியமான சுரங்கள் உறிஞ்சும் பக்கத்துக்கு வந்துவிடுகின்றன. உறிஞ்சும்போது நாக்கையும் வாய்க்குழியையும் மாற்றினால் சுரம் வளைந்து கீழிறங்கும். அந்த வளைவில்தான் ப்ளூஸின் அழுகையும் கேலியும் இருக்கின்றன. ஆக, ப்ளூஸ் மவுத் ஆர்கன் என்பது பெருமளவுக்கு உள்மூச்சின் இசை.

பாட்டு வெளிமூச்சில் நடப்பது. பாடகர்கள் உள்ளிழுக்கும் மூச்சை மறைக்கக் கற்றுக்கொள்கிறார்கள்; அது கேட்டுவிட்டால் குறை என்கிறோம். பாடுபவரே மவுத் ஆர்கனும் வாசிக்கும்போது ஒரு வரியைப் பாடி மூச்சைச் செலவழித்த இடத்திலிருந்தே வாத்தியம் தொடங்குகிறது. மறைக்க வேண்டிய மூச்சு இசையாகிவிடுகிறது. கிட்டார்காரரைப் போல இவரால் பாடிக்கொண்டே வாசிக்க முடியாது. எங்கே நிறுத்துவது, எவ்வளவு மூச்சை மிச்சம் வைப்பது, எத்தனை தாளம் வாத்தியத்துக்கு என்று ஒவ்வொரு வரியிலும் தீர்மானித்தாக வேண்டும். பன்னிரண்டு பார் ப்ளூஸ் மூன்று வரிகளால் ஆனது. ஒவ்வொரு வரியிலும் முன்பாதி குரலுக்கு, பின்பாதி வாத்தியத்தின் பதிலுக்கு. வழக்கமான அமைப்பில் பெண் கேட்பாள், ஆணின் கிட்டாரோ மவுத் ஆர்கனோ பதில் சொல்லும். தார்ன்டன் மவுத் ஆர்கனை எடுக்கும்போது கேள்வியும் அவருடையது, பதிலும் அவருடையது. இதை இடிமுழக்கம் என்று எழுதிவிட்டுப் போவது கேட்க மறுப்பதற்குச் சமம்.

லண்டன் பதிவில் இன்னொரு சோதனையும் இருக்கிறது. பட்டி கய் குழுவோடு பாடிய பாட்டுகளுடன், மிசிசிப்பியைச் சேர்ந்த ஃபிரெட் மெக்டவலின் கிட்டாரோடு மட்டும் தார்ன்டன் பாடினார். மெக்டவல் விவசாயி, ஆலன் லோமாக்ஸ் 1959இல் பதிவு செய்யும்வரை வெளியுலகம் அவரை அறியாது. அவர் சறுக்குக் கிட்டார் சிகாகோக்காரர்களின் கறாரான பன்னிரண்டு பார் கணக்குக்குள் நிற்காது. ஒரே அடித்தளத்தில் சுழன்றுகொண்டிருக்கும். எங்கே திரும்பும் என்பது அவர் விரலுக்கே தெரியும். நகரத்து மின்கிட்டாரோடு பாடப் பழகியவர்கள் இங்கே தடுமாறுவார்கள். தார்ன்டன் குரலைக் குறைத்துக்கொண்டு கிட்டாரின் பக்கத்தில் போய் அமர்கிறார். வரிகளின் முடிவைக் கிட்டார் இறங்கும் இடத்தில் கொண்டு வைக்கிறார். ஒரே பயணத்தில், ஒரே இசைத்தட்டில், இரண்டு வேறு பள்ளிகளுக்குள் ஒருவர் இப்படிப் புழங்க முடிவது அனுபவத்தால் மட்டுமே வரும்.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்தது இன்னும் கடினமான சந்திப்பு. இந்த முறை மடி வாட்டர்ஸும் அவருடைய குழுவும். ஓட்டிஸ் ஸ்பான் பியானோ, ஜேம்ஸ் காட்டன் மவுத் ஆர்கன், சாமி லாஹார்ன் கிட்டார், லூதர் ஜான்சன் பாஸ், ஃபிரான்சிஸ் க்ளே டிரம்ஸ். சிகாகோ ப்ளூஸின் தலைமைக் குழு என்றே சொல்லலாம். ஒன்றாக வாசித்துப் பழகிய குழுவுக்குள் வெளியிலிருந்து ஒருவர் வந்து பாடுவது லேசானதல்ல. தலைவர் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். மிசிசிப்பித் தோட்டமொன்றில் லோமாக்ஸ் மடி வாட்டர்ஸை முதன்முதலாகப் பதிவு செய்ததும் 1941இல்தான், தார்ன்டன் ஊர்சுற்றும் குழுவில் சேர்ந்த அதே ஆண்டு. அனுபவக் கணக்கில் இருவரும் சமம். புகழ்க் கணக்கு வேறு. ஆனாலும் இசைத்தட்டின் அட்டையில் தார்ன்டன் பெயர் முதலில் வருகிறது. மடி வாட்டர்ஸ் ப்ளூஸ் குழு 'உடன்' வருகிறது. பதிவைக் கேட்டால் அந்த வரிசை மரியாதைக்காகப் போட்டதல்ல என்று தெரியும். ஸ்பானின் பியானோ குரலுக்குக் கீழே ஓடுகிறது, வாட்டர்ஸ் தன் கிட்டாரை அடக்கி வாசிக்கிறார், வேகத்தைத் தார்ன்டன் பிடித்துவைக்கிறார்.

மவுத் ஆர்கனுக்கு நேரே இந்தத் தட்டின் பட்டியலில் காட்டனின் பெயர் இருக்கிறது. வாத்தியம் ஆணின் கைக்குத் திரும்பிவிட்டதே என்று எனக்கு முதலில் வருத்தமாக இருந்தது. பிறகு வேறொன்று கேட்டது. காட்டன் நுழைவதற்குத் தார்ன்டன் விடும் இடைவெளிகள் அந்த வாத்தியம் தெரிந்தவர் விடும் இடைவெளிகள். வரியைச் சற்று முன்பே முடித்து, உள்மூச்சுக்கு நேரம் கொடுத்து, பதில் முடியும் நொடியில் மறுபடி பிடித்துக்கொள்கிறார். வாசிக்கத் தெரிந்தவர் வாசிக்காமல் இருக்கும்போதும் அந்த அறிவு வேலை செய்கிறது. அந்தப் பதிவில் மெம்பிஸ் மின்னியின் பாட்டாக அறியப்பட்ட 'பம்பிள் பீ'யையும் அவர் தன் வழியில் பாடினார். மின்னி பாடகி மட்டுமல்ல, ஆண்களுக்கு நிகராகக் கிட்டார் வாசித்தவர். வாத்தியம் கையிலெடுத்த பெண்களின் தொடர்ச்சி ஒன்று, ஆண்கள் நிறைந்த அந்த அறையில் ஒரு பாட்டின் வழியாக வந்து நின்றது.

இதைக் கேட்ட பிறகு 'ஹவுண்ட் டாக்' பாட்டுக்குத் திரும்பினால் அதுவும் வேறு மாதிரி கேட்கிறது. அதை எழுதிய ஜெரி லீபரும் மைக் ஸ்டோலரும் 1952 ஆகஸ்டில் 19 வயதுப் பையன்கள். தார்ன்டன் அதை மென்மையாக இழுத்துப் பாடத் தொடங்கியபோது அப்படியல்ல என்று லீபர் திருத்தப் போய், ப்ளூஸ் பாட எனக்கு நீ சொல்லித்தராதே என்கிற விதமான பதிலை வாங்கிக்கொண்டார். பின்னாளில் லீபரே சொன்ன செய்தி இது. இதை ஒரு முரட்டுப் பெண்ணைப் பற்றிய வேடிக்கைக் கதையாகவே சொல்வார்கள். பதினோரு ஆண்டு மேடையேறிய ஒருவர் தன் தொழிலைக் காத்துக்கொண்ட தருணம் அது. பதிவில் பீட் லூயிஸின் கிட்டார் தனித்து ஒலிக்கும் பகுதியில் தார்ன்டன் சும்மா நிற்கவில்லை. பேசுகிறார், உசுப்புகிறார், அதட்டுகிறார். கிட்டார் அவருக்குப் பதில் சொல்கிறது. முடிவில் வாத்தியக்காரர்கள் நாய்போலக் குரைக்கிறார்கள். வீட்டைவிட்டுத் துரத்தப்படும் ஒட்டுண்ணி ஆணைப் பற்றிய பாட்டு அது. பிரெஸ்லி பாடிய வரிகளில் அந்த ஆண் காணாமல்போய் வெறும் நாய் மிஞ்சியது.

பணக் கணக்கையும் சொல்லத்தான் வேண்டும். பாட்டு 1953இல் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. தனக்குக் கிடைத்தது 500 டாலர் காசோலை ஒன்றுதான் என்று தார்ன்டன் சொல்லிவந்தார். அதே ஆண்டில் ரூஃபஸ் தாமஸ் 'பேர் கேட்' என்ற பதில் பாட்டை மெம்பிஸின் சன் நிறுவனத்துக்காகப் பாடியபோது, மெட்டு தங்களுடையது என்று தார்ன்டனின் பதிவை வெளியிட்ட டான் ரோபி வழக்குத் தொடுத்து வென்றார். மெட்டுக்கு உரிமையாளர் உண்டு, வரிகளுக்கு உரிமையாளர் உண்டு. தார்ன்டனின் உறுமலுக்கும் நிறுத்தத்துக்கும் கிட்டாரோடு நடத்திய உரையாடலுக்கும் எந்தப் பத்திரத்திலும் இடமில்லை. ஒலிப்பதிவு என்ற பொருளுக்கே அமெரிக்க மத்திய சட்டம் பதிப்புரிமை தரத் தொடங்கியது 1972இல்தான். தாளில் எழுத முடிந்ததைச் சட்டம் படைப்பு என்றது. உடம்பால் செய்ததைக் கூலி வேலை என்றது. பெண்களின் உழைப்பைப் பற்றி யோசிப்பவர்களுக்கு இந்தப் பிரிவு புதிதாக இருக்காது.

ஆகவே சுரண்டலைப் பற்றிப் பேசுவதை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எது சுரண்டப்பட்டது என்று தெரியாமல் அதைப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்கிறேன். குரல் தானாக வந்தது என்றால் திருடியவர்கள் எடுத்தது ஒரு பாட்டை மட்டும்தான். அது இருபது ஆண்டு சாலையில் கற்ற கலை என்றால் கணக்கு மாறுகிறது. ஏஞ்சலா டேவிஸ் மா ரெய்னியையும் பெஸ்ஸி ஸ்மித்தையும் பற்றி எழுதியபோது, அந்தப் பாட்டுகளைக் கறுப்பினத் தொழிலாளர் வர்க்கப் பெண்களின் சிந்தனையாக வாசித்துக் காட்டினார். அந்த வாசிப்பை வரிகளோடு நிறுத்தாமல் வாத்தியத்துக்கும் மூச்சுக்கும் கொண்டுபோக வேண்டும். அதற்கு விமர்சகர்களாகிய நாம் பத்துத் துளைகளைப் பற்றிக் கொஞ்சம் படிக்க வேண்டியிருக்கும். துயரத்தை எழுத அந்தப் படிப்பு தேவையில்லை. அதனால்தானோ என்னவோ நாம் துயரத்தையே எழுதிவிடுகிறோம்.

தார்ன்டன் 1984 ஜூலையில் லாஸ் ஏஞ்சலிஸில் இறந்தார், 57 வயதில். ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் பிரெஸ்லியை 1986இலும் மடி வாட்டர்ஸை 1987இலும் ஜாப்ளினை 1995இலும் பட்டி கய்யை 2005இலும் சேர்த்துக்கொண்டது. தார்ன்டனின் முறை 2024இல் வந்தது. அதுவும் கலைஞர் என்ற பிரிவில் அல்ல, 'இசைத் தாக்கம்' என்ற பிரிவில். மற்றவர்களை அவர் பாதித்தார் என்பதற்காக அந்த மரியாதை. நாற்பது ஆண்டு கழித்தும் அவர் இன்னொருவரின் கதையில் முதல் அத்தியாயமாகவே வைக்கப்பட்டிருக்கிறார். நம் பெண்ணியக் கட்டுரைகளும் அவரை அதே பிரிவில்தான் வைத்திருக்கின்றன.

அந்த 1965 படத்தை ஒரு முறை ஒலியைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். ஆண்கள் ஒவ்வொருவராக வாசிக்கிறார்கள். தார்ன்டன் தன் முறைக்கு வருகிறார், வாத்தியம் வாயில், மார்பு விரிகிறது. மூச்சு உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. பிறகு ஒலியைக் கூட்டுங்கள்.